ஒரே வீட்டில் நாற்பத்து மூன்று பேர்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரம். அதன்பின் நெடுங்காலம் ஓய்வெடுத்துக்கொண்டு, ஒரேயடியாக ஹோம் ஃபோல்டரைக் கண்டுபிடித்தது. இடையில் வந்த மற்றவற்றை நான் பெரிதாக மதிப்பதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவிளக்கு அலுவலகத்தில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம்; கணினி ஒன்றுதான். அது மாடியில், ஏ.சி. ஒழுங்காக வேலை செய்யும் ஒரே அறையில் தனியாக வாழ்கிறது. அதற்குப் பெயர் சர்வர். எங்கள் மேஜைகளில் இருப்பதெல்லாம் ஒரு திரை, ஒரு கீபோர்டு, சோப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. காலையில் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால், மாடியிலிருக்கும் சர்வருக்குள் நமக்கென்று ஒதுக்கப்பட்ட வீட்டுக்குப் போய்விடலாம். அந்த வீடுதான் ஹோம் ஃபோல்டர். நம் கோப்புகள் எல்லாம் அங்கே. திரைக்கு என்ன படம், எந்த ஐகான் எந்த மூலையில், எழுத்து எவ்வளவு பெரிசு என்பதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வது புரொஃபைல். அதாவது வீடும், வீட்டுக்காரரின் குணமும்.

ஒரே கட்டடத்தில் நாற்பத்து மூன்று குடித்தனம். சுவர் உண்டு, ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைக்காமல் விட்டவர்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சின்ன வருத்தம் உண்டு.

நான் விசாரணைக் கவுன்ட்டர். பதினேழு வருடமாக இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கமும் எனக்குக் கிடையாது. என் கவுன்ட்டர் வாசலுக்கும் மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கிறது. எல்லாரும் என்னைக் கடந்துதான் போகவேண்டும்; போகிறவர்கள் பேசிக்கொண்டே போகிறார்கள். காதுக்கு மூடியா இருக்கிறது? கேட்டதை மறந்துவிடக் கூடாதே என்று 'கேள்விப்பட்டவை' என்ற பெயரில் ஒரு கோப்பில் குறித்து வைப்பேன். இதற்கு 'ஆவணப்படுத்துதல்' என்று பெயர்.

சர்வரை ஆளும் அதிகாரியைப் பூட்டு சார் என்போம். எதையும் திறந்து வைத்துப் பார்க்கச் சகிக்காத மனிதர். தண்ணீர்க் குழாய்க்குப் பாஸ்வேர்டு வைக்க வழியிருந்தால் வைத்திருப்பார் என்பது பியூனின் கருத்து. அப்படிப்பட்ட ஒருவர் ஒரு நாள் மொத்த அலுவலகத்தையும் கூட்டத்துக்கு அழைத்தார். இயக்குநர் தலைமை. பொருள்: 'வீட்டு ஒழுங்குமுறைத் திட்டம்'.

"டிஸ்க் தொண்ணூத்தேழு சதவீதம் நெறஞ்சிடுச்சு சார்," என்றார் பூட்டு சார்.

"எதனால?"

"யூசர்ஸால சார். யூசர்ஸ் இல்லைன்னா இந்த சர்வர் அருமையா ஓடும்."

இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். "யூசர்ஸைக் குறைக்க முடியாதா?"

"படிப்படியாப் பண்ணலாம் சார்."

சுவரில் ஒரு வரைபடம் விழுந்தது. யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு தூண். நாற்பத்திரண்டு தூண்கள் தரையோடு தரையாக, புல் முளைத்த மாதிரி இருந்தன. ஒரு தூண் மட்டும் வரைபடத்தைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கூரையில் மடங்கி மின்விசிறி வரை போயிருந்தது.

"அந்த ஒசந்த தூண் யாரு?" என்று ஸ்டோர்கீப்பர் கேட்டார். அவர் பொதுவாகக் கூட்டத்தில் தூங்குவார். அன்றைக்குப் பார்த்து விழித்திருந்தது அவர் தலையெழுத்து.

எல்லாருக்கும் தெரியும். அது இயக்குநர் வீடு. அவர் மகளின் கல்யாண வீடியோ அங்கேதான் குடியிருந்தது. 'கல்யாணம் முழுசு', 'கல்யாணம் முழுசு சரியானது', 'கல்யாணம் முழுசு சரியானது இதுதான்', பிறகு அதன் நகல். டிஸ்க்கில் எழுபத்தொரு சதவீதம்.

"அது நிறுவன வரலாறு," என்றார் பூட்டு சார். "அதைத் தொடக் கூடாது. மீதி இருபத்தாறு சதவீதம்தான் பிரச்சினை."

இயக்குநர் பெருந்தன்மையோடு தலையசைத்தார். "எல்லாரும் தியாகம் பண்ணணும்," என்றார்.

தியாகம் டைப் அக்காவிடமிருந்து தொடங்கியது. எங்கள் தட்டச்சரைத்தான் சொல்கிறேன். என்னைவிட எட்டு வயது சின்னவள். ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவளும் என்னை அக்கா என்பாள். யார் யாருக்கு அக்கா என்று இதுவரை தகராறு வந்ததில்லை.

"உங்க திரையில ஒரு போட்டோ இருக்கு. எடுத்துடுங்க," என்றார் பூட்டு சார்.

"என் பொண்ணு சார். நாப்பது கேபிதான்."

"இன்னிக்கு நாப்பது கேபி விட்டா, நாளைக்கு வீட்ல இருக்கிற அத்தனை பேரையும் கொண்டாந்து ஒட்டுவீங்க."

அவள் எடுத்துவிட்டாள். டிஸ்க் தொண்ணூற்றேழு சதவீதத்திலேயே நின்றது. ஆனாலும் கொள்கை வென்றது.

டைப் அக்கா பதில் பேசாததற்குக் காரணம் உண்டு. அவள் தற்காலிக ஊழியர். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். எங்கள் அலுவலகத்தில் தெருவிளக்குகள்கூட அவ்வளவு காலம் நின்றதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. இடைவெளி இல்லாமல் வேலை பார்த்ததாக நிரூபிக்கும் தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்குவார்கள்; நிரூபிக்காதவர்களை அந்த மாதக் கடைசியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிஜ வீட்டுக்கு.

நிரூபிக்க வேண்டுமென்றால் வருகைப் பதிவேடு வேண்டும். தற்காலிக ஊழியருக்கு வருகைப் பதிவேடு கிடையாது. ஏன் என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு மேலாளர் தந்த விளக்கத்தை 'கேள்விப்பட்டவை'யில் அப்படியே குறித்திருக்கிறேன்: "பதிவேட்டுல பேர் ஏறிட்டா நீங்க எப்பிடிம்மா தற்காலிகம் ஆவீங்க?"

அதனால் அவளே ஒரு பதிவேடு வைத்திருந்தாள். ஹோம் ஃபோல்டரில் ஒரு கோப்பு. பெயர் 'தினம்'. ஒன்பது வருடமாக ஒவ்வொரு நாளும் என்ன தேதி, என்ன வேலை, யார் கொடுத்தது என்று ஒரு வரி. வெள்ளிக்கிழமை அதைத்தான் காட்டுவதாக இருந்தாள்.

இதற்கிடையில் பூட்டு சார் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு வந்தார். பழைய டிஸ்க்கிலிருந்து எல்லா வீடுகளையும் புது டிஸ்க்குக்கு மாற்றுவது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாடியிலேயே கிடந்தார். ஒவ்வொருவரின் கோப்புகளும் எங்கே போகவேண்டும் என்று சர்வருக்கு ஒரு வரி முகவரி எழுதிக் கொடுக்கவேண்டும். கட்டடம், மாடி, வீடுகள், கடைசியில் அவரவர் பெயர். பூட்டு சார் கட்டடத்தை எழுதினார். மாடியை எழுதினார். வீடுகள் என்று எழுதினார். கடைசியில் பெயர் போடும் இடத்தில் ஒன்றும் போடவில்லை. எழுதி முடித்த கையோடு, இடம் மிச்சமாகட்டும் என்று பழைய டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டார். ஒழுங்கு என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை நான் என் வீட்டைத் திறந்தேன். உள்ளே நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள்.

எல்லாருடைய கோப்புகளும் ஒரே ஃபோல்டரில். சுவர் இல்லை, கதவு இல்லை. இவ்வளவு காலம் ஜன்னல்கூட இல்லாமலிருந்த எனக்கு, இறைவன் ஒரேயடியாகக் கூரையைப் பிய்த்து எறிந்த மாதிரி இருந்தது. நான் பதறவில்லை. நாற்காலியை நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். அடுத்தவர் கோப்பைப் படிப்பது தவறு என்று எனக்குத் தெரியும். எது என்னுடையது என்று தெரிந்துகொள்ளத்தான் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன்.

மேலாளர் 'உடல் எடைக் குறைப்பு' என்ற அட்டவணையை ஏழு வருடமாக நிரப்பி வருகிறார்; ஏறுமுகம். இளநிலைப் பொறியாளர் தன் ராஜினாமாக் கடிதத்தை இருபத்திரண்டு தடவை எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் இயக்குநருக்குப் புதுப்புது அடைமொழி. ஸ்டோர்கீப்பர் பெயரில் ஒரு கோப்புமே இல்லை. தூங்கும்போது யார் என்ன சேமிப்பார்கள்?

ஒரே பெயருள்ள கோப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டன. பதினோரு பேர் 'விடுப்பு விண்ணப்பம்' என்று வைத்திருந்தார்கள். கடைசியில் மிஞ்சியது பொறியாளருடையது மட்டும். அது தெரியாமல் அன்றைக்கு மூன்று பேர் அதை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்தார்கள். மூன்றிலும், 'என் மாமனார் இன்று அதிகாலை திடீரெனக் காலமானதால்' என்று இருந்தது. மேலாளர் முதல் இரண்டு பேருக்கு ஆறுதல் சொன்னார். மூன்றாவது ஆளிடம்தான் கொஞ்சம் தயங்கினார்.

"ஏம்ப்பா, உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே?"

"ஆகியிருந்தா இவ்ளோ நேரம் இருப்பேனா சார், அப்பவே கெளம்பியிருப்பேன்," என்றார் அவர்.

அந்தக் கலகலப்பில் ஒரு சின்னக் குறை. என் 'கேள்விப்பட்டவை'யும் அதே வீட்டில்தான் இருந்தது. பதினோரு மணிக்குமேல் என் கவுன்ட்டரைக் கடந்தவர்கள் யாரும் பேசிக்கொண்டே போகவில்லை. முறைத்துக்கொண்டே போனார்கள். பியூன் மட்டும் நின்று, "அக்கா, என்னைப் பத்தி நாலே வரிதான் எழுதியிருக்கீங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்றான்.

மத்தியானத்துக்குமேல் யாரோ 'தினம்' கோப்பைக் கண்டுபிடித்தார்கள். யார் என்று கேட்காதீர்கள். எனக்கு வம்பு பிடிக்காது.

டைப் அக்கா அன்று இல்லை. இயக்குநர் அவளை ஒரு கட்டுக் காகிதத்தோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். ஆகவே எல்லாரும் நிம்மதியாகப் படித்தோம். இலக்கியம் என்று சொல்ல முடியாது. வரிகள் இப்படித்தான் போயின:

'செவ்வாய். மழை. வந்தேன். கம்பம் விழுந்த அறிக்கை அடித்தேன்.'

'வியாழன். காய்ச்சல். வந்தேன். நாலாம் வார்டு பட்டியல்.'

'ஞாயிறு. இயக்குநர் வரச் சொன்னார். வந்தேன். அவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு அறுநூற்று நாற்பது முகவரி அடித்தேன்.'

'வெள்ளி. ஸ்டோர்கீப்பர் தூக்கம். பல்பு நான் எண்ணிக் கொடுத்தேன்.'

'திங்கள். பொறியாளர் ஆய்வுக்குப் போகவில்லை. போன மாத ஆய்வில் தேதியை மாற்றி அடித்துத் தரச் சொன்னார். அடித்தேன்.'

'புதன். விசாரணை அக்கா வரவில்லை. கவுன்ட்டரில் நான் இருந்தேன்.'

கடைசி வரியைப் போன்றவை மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. எண்ணிப் பார்த்தேன். எனக்கு முட்டிவலி என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பதிவேட்டில் நான் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. மறுநாள் வந்து முந்தின நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடும் முறையை எங்கள் அலுவலகம் 'சமரச வருகை' என்று அழைக்கும்.

படித்து முடித்தோம். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அத்தனை வருடத்தில் அன்றுதான் அது கேட்டது. நாற்பத்திரண்டு பேரும் அவரவர் திரையில் அதே கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கோப்பைக் குழு முழுக்கப் படிக்கும் என்பது எல்லார் மூளையிலும் ஒரே நேரத்தில் உதித்திருக்கவேண்டும்.

சாயங்காலம் 'தினம்' இல்லை. அவ்வளவு நெரிசலில் மூச்சுமுட்டி அதுவே வெளியேறியிருக்கும் என்பது என் எண்ணம்.

செவ்வாய்க்கிழமை பூட்டு சார் எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு, கோப்புகளை வீடு வீடாகப் பிரித்தார். எந்த வீடுகள் வேண்டும் என்பதற்கு நிர்வாகப் பிரிவிலிருந்து ஊழியர் பட்டியலை வாங்கிக்கொண்டார். பட்டியலில் நாற்பத்திரண்டு பேர். தற்காலிக ஊழியர் பட்டியலில் வருவதில்லை. ஆகவே நாற்பத்திரண்டு வீடுகள். முறை என்றால் முறை.

புதன்கிழமை காலை டைப் அக்கா திரையைத் திறந்தபோது ஒரு பெட்டி முளைத்தது: 'நீங்கள் தற்காலிகப் புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள். வெளியேறும்போது இங்கே செய்த எதுவும் மிஞ்சாது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மாடிக்குப் போனாள். எனக்கு மாடியில் ஒரு வேலை இருந்தது. நானும் பின்னாலேயே போனேன்.

"சார், என் ஃபைல் எங்க?"

"எந்த ஃபைல்மா?"

"தினம்."

பூட்டு சார் தேடினார். "உங்களுக்கு வீடே இல்லையேம்மா. வீடில்லாதவங்களுக்கு ஃபைல் எப்பிடி இருக்கும்?"

"போன வாரம் இருந்துச்சு சார்."

"அது பழைய டிஸ்க். அதைத் தொடைச்சாச்சு."

"பேக்கப்பு?"

"இருக்கே. தெனமும் தவறாம எடுக்கறோம். டைரக்டர் ஃபோல்டருக்கு."

"எனக்கு?"

"எடம் பத்தலைம்மா."

அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

இறங்கி வரும்போது அவள் என் கவுன்ட்டரில் நின்றாள். "அக்கா, திங்கக்கெழம நான் இல்லாதப்ப யாராச்சும் என் ஃபைலைத் தொறந்தாங்களா?"

"எனக்கெப்பிடிக்கா தெரியும்? நான் என்ன அடுத்தவங்க ஃபைலைத் தொறக்கற ஆளா?"

"இல்லக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் ஒரு குத்தலும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும்.

அன்றைக்கே இயக்குநருக்கு ஒரு யோசனை தோன்றியது. வெள்ளிக்கிழமை குழு எப்படியும் வருகிறது. வந்த கையோடு 'வீட்டு ஒழுங்குமுறைத் திட்டத்தின் வெற்றி' என்று ஓர் அறிக்கையைக் கொடுத்துவிட்டால் என்ன? பூட்டு சார் பூரித்துப் போனார். கனமில்லாத அறிக்கையை யார் மதிப்பார்கள் என்பது அவர் சித்தாந்தம். முன்னுரை நாற்பது பக்கம் அவரே எழுதினார். மீதிக்கு, சர்வர் தன் வாழ்நாளில் குறித்து வைத்த அத்தனையையும் இணைப்புகளாகக் கொட்டினார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவர் படிக்கவில்லை. இயக்குநரும் படிக்காமல், முன்பக்கத் தாளில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்தார். யாராவது ஒருவர் இதையெல்லாம் அடித்து, அட்டவணையைச் சீர்செய்து, பக்க எண் போடவேண்டும். டைப் அக்காவிடம் கொடுத்தார்கள்.

புதன்கிழமை அவள் நாற்பது பக்கம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வியாழக்கிழமை வந்தபோது ஒரு பக்கமும் இல்லை. தற்காலிகப் புரொஃபைல் சொன்ன சொல் தவறாதது. வேறெங்காவது சேமித்து வைக்கலாமே என்றால், வீடில்லாதவருக்குச் சேமிக்கும் உரிமையும் இல்லை. போதாததற்குப் பூட்டு சாரின் இன்னொரு சீர்திருத்தம்: பதினைந்து நிமிடம் சும்மா இருந்தால் சர்வர் ஆளை வெளியே தள்ளிவிடும். ஆக, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒரே பகலில், எழுந்திருக்காமல் முடித்து, அச்செடுத்துவிடவேண்டும்.

"வேண்டாம்னு சொல்லிடேன். உன் கேஸே நாளைக்கு இருக்கு," என்றேன். அக்கறையில்தான்.

"இதை முடிக்காமப் போனா, அதுக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க," என்றாள்.

மத்தியானம் சாப்பிடப் போகும்போது என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, நான் வர்ற வரைக்கும் அப்பப்ப மவுஸைக் கொஞ்சம் ஆட்டி விடுங்களேன். இல்லைன்னா தொரத்தி விட்டுடும்."

உட்கார்ந்து ஆட்டினேன். இருபது நிமிடம், மனதார, பொறுப்போடு. திரை நிறைய எண்களும் கட்டங்களும். தேதி, நேரம், பெயர், தேதி, நேரம், பெயர். எனக்குக் கொட்டாவி வந்தது. என் வாழ்க்கையில் கண்ணெதிரே இருந்தும் நான் படிக்காமல் விட்டது அந்த ஒன்றுதான்.

அவள் திரும்பி வந்து ஒரு கட்டத்தில் தட்டுவதை நிறுத்தினாள். ஒரு பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு வேறொரு பக்கம் போய், அதையும் பார்த்தாள். "என்னக்கா, எழுத்துப்பிழையா?" என்று என் இடத்திலிருந்தே கேட்டேன்.

"இல்லக்கா. சரியாத்தான் இருக்கு," என்றாள்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். தலைவி கழுத்தில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. தண்ணீர் வைக்கும் சாக்கில் நான் உள்ளே நின்றுகொண்டேன். மற்றவர்கள் கதவுக்கு வெளியே, கதவோடு ஒட்டிக்கொண்டு.

இயக்குநர் அறிக்கையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். தலைவி அதைக் கையில் எடை பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். "இதை அப்புறம் பாப்போம். தட்டச்சர் விஷயம்தானே முதல்ல? இடைவெளி இல்லாம வேலை பாத்ததுக்கு ஆதாரம் இருக்கா?"

இயக்குநர் குரலில் ஈரம் வந்தது. "நல்ல பொண்ணு மேடம். எங்களுக்கும் மனசில்லை. ஆனா ஆதாரம்னு ஒண்ணும் எங்ககிட்ட இல்லை. ரூல்னு ஒண்ணு இருக்கே."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"பக்கம் நூத்திப் பதினாலு மேடம்," என்றாள் டைப் அக்கா.

"எதுல?"

"அந்த அறிக்கையிலதான். டைரக்டர் சார் கையெழுத்துப் போட்டிருக்கார்."

தலைவி நெற்றிக் கண்ணாடியை இறக்கினார். மூன்றாம் இணைப்பு: ஒவ்வொரு பயனரும் சர்வர் வந்த நாளிலிருந்து எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார். சர்வர் வந்து ஒன்பது வருடம். டைப் அக்கா வந்ததும் அதே மாதம். அவள் பெயருக்கு எதிரே இரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்து நாலு நாட்கள். ஞாயிறுகள் உள்பட.

"உங்க பேரும் இருக்கே," என்று தலைவி இயக்குநரைப் பார்த்தார். "நீங்க வந்த நாலு வருஷத்துல முப்பத்தொரு நாள்."

"நான் பெரும்பாலும் களப்பணி மேடம்."

பூட்டு சாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க சிஸ்டம் எதையும் மறக்காது மேடம்," என்றார்.

"நிரூபணம் ஆயிடுச்சு," என்று தலைவி எழுதத் தொடங்கினார். அத்தோடு முடிந்திருக்கும். யாருக்கும் ஒரு சேதமும் இல்லாமல், நானும் வெளியே போய் முதல் ஆளாக வாழ்த்துச் சொல்லியிருப்பேன். எழுதிக்கொண்டே அந்த அம்மாள் பேச்சுக்குக் கேட்டார்: "ஏம்மா, நீங்களா எழுதி வெச்ச ஆதாரம் ஏதோ இருக்குன்னு மனுவில போட்டிருந்தீங்களே? அது எங்க?"

"பக்கம் நூத்தி எண்பத்தேழு மேடம்," என்றாள் டைப் அக்கா. என்னைப் பார்க்கவில்லை.

ஏழாம் இணைப்பு: அழிக்கப்பட்ட கோப்புகள். எந்தக் கோப்பு, யாருடையது, யார் அழித்தது, எப்போது. தலைவி சத்தமாகப் படித்தார். "கோப்பு: தினம். உரிமையாளர்: தட்டச்சர். திங்கள், மாலை நாலு பன்னிரண்டு. அழித்தவர்: விசாரணைக் கவுன்ட்டர்."

பதினேழு வருடத்தில் விசாரணைக் கவுன்ட்டரை நோக்கி எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பியது அன்றைக்குத்தான்.

"சேச்சே," என்றார் இயக்குநர். "நம்ம ஆபீஸ்லயா இப்பிடி ஒருத்தர்? கூடப் பழகின பொண்ணோட பொழப்புல கைவைக்க எப்பிடித்தான் மனசு வருதோ."

"அடுத்த வரியும் படிங்க மேடம்," என்றாள் டைப் அக்கா.

அடுத்த வரி: நாலு பத்தொன்பது. இயக்குநர். அழிக்க முயற்சி. கோப்பு ஏற்கெனவே இல்லை.

அதற்கடுத்து மேலாளர். அதற்கடுத்து பொறியாளர், இரண்டு தடவை. நாலு நாற்பதுக்கு ஸ்டோர்கீப்பர். அந்த நேரத்தில் அவர் விழித்திருந்தார் என்பதற்கு உலகத்திலுள்ள ஒரே ஆதாரம் அது. நான் அழித்தது மற்றவர்களுக்குத் தெரியாது. அவரவர் திரையில் கோப்பு இன்னும் இருப்பதாகவே தெரிந்திருக்கிறது. ஆளாளுக்கு ஓசைப்படாமல் அமுக்கியிருக்கிறார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் பத்தொன்பது பேர். யாரும் யாரையும் கலந்து பேசவில்லை. கதவுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகும் செருப்புச் சத்தம் கேட்டது.

டைப் அக்கா நிரந்தரமாகிவிட்டாள். அவளுக்கு இப்போது வீடு இருக்கிறது. திரையில் மகள் சிரிக்கிறாள். விசாரணை முடியும்வரை எங்கள் இருபது பேருக்கும் தற்காலிகப் புரொஃபைல். அவரவர் அடித்ததை அவரவர் வெளியேறுமுன் அச்செடுத்துக்கொள்கிறோம். நான் கவுன்ட்டரை விட்டுச் சாப்பிடப் போகும்போது, கேட்காமலேயே வந்து அவள் என் மவுஸை ஆட்டிவிடுகிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பழகிடுச்சுக்கா, நூத்திப் பதிமூணாவது தடவைதானே," என்கிறாள்.

ஆகவே பூட்டு சாரின் ஏற்பாட்டை நான் மறுபடியும் பாராட்டுகிறேன். சர்வர் எதையும் மறக்கவில்லை. ஒன்பது வருடம் அவள் தினமும் வந்தாள் என்பது முதல் நாளிலிருந்தே அதற்குத் தெரியும். யாராவது ஒருவர் விசாரித்திருந்தால் சொல்லியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் விசாரிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் நான்தான்.